வாருங்கள் கனவான்களே, வரிசையில் நில்லுங்கள்

ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், நார்வே, ஜப்பான் முதலான 42 நாடுகளின் மேன்மைதங்கிய பாஸ்போர்ட்காரர்களுக்கு, விசா வரிசையிலேயே பிறந்து அந்த வரிசையிலேயே தலை நரைத்த ஒரு கூட்டத்தின் சார்பில் வணக்கம். உங்கள் வீட்டில் இழவு விழுந்த சேதி வந்து சேர்ந்தது. துக்கம் விசாரிக்கத்தான் இதை எழுதுகிறேன். இடையிடையே சிரிப்பு வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக அடக்கி வைத்திருந்தது.

2025 டிசம்பர் 10 அன்று அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை அந்நாட்டு அரசிதழில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விசா வாங்காமல் 90 நாள் அமெரிக்காவில் சுற்றிவரும் பாக்கியம் பெற்றவர்கள் நீங்கள். அதற்கு எஸ்டா என்ற இணைய அனுமதி ஒன்று போதும். இனி அந்த எஸ்டாவுக்கு விண்ணப்பிக்கிறவர் கடந்த 5 ஆண்டுகளின் சமூக ஊடகக் கணக்குகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்கிறது அந்த முன்மொழிவு. 2016இலிருந்து இந்தக் கேள்வி படிவத்தில் இருந்ததுதான். விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்று விட்டிருந்தார்கள். விருப்பம்தான் இப்போது கட்டாயமாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. டிசம்பர் 10 உலக மனித உரிமை நாள். தேதி பார்த்துச் செய்தார்களா, தற்செயலா என்று கேட்காதீர்கள். அந்த நாள் அந்த அலுவலகத்துக் காலண்டரில் குறித்திருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு ஐந்தே நாள் முன்பு வாஷிங்டனில் உலகக் கோப்பைக் கால்பந்துக் குலுக்கல் நடந்தது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் சேர்ந்து நடத்தும் திருவிழா. அந்த மேடையில் ஃபிஃபா தலைவர் இன்ஃபன்டினோ, புத்தம் புதிதாக உருவாக்கிய சமாதானப் பரிசு ஒன்றை அதிபர் டிரம்ப்புக்குக் கொடுத்தார். பரிசு வாங்கிய ஈரம் காய்வதற்குள் விருந்தினருக்கான விதிமுறை வந்துவிட்டது. உலகமே வருக, கைப்பேசியைத் திறந்து காட்டிவிட்டு வருக.

சமூக ஊடகக் கணக்கு வெறும் முன்வாசல். முடிந்தபோது இவற்றையும் சேர்ப்போம் என்று அதே அறிவிப்பு இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறது. 5 ஆண்டுகளாகப் பயன்படுத்திய தொலைபேசி எண்கள். 10 ஆண்டுகளின் மின்னஞ்சல் முகவரிகள். ஐபி முகவரியும், நீங்கள் அனுப்பும் படத்துக்குள் ஒளிந்திருக்கும் தகவல்களும். பெற்றோர், கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்று அத்தனை பேருடைய பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், இருக்கும் ஊர், தொலைபேசி எண். பிறகு உடம்பு: முகம், கைரேகை, கருவிழி, டிஎன்ஏ. இவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'உயர்மதிப்புத் தரவுகள்'. பெண் பார்க்க வருகிற வீட்டார்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. ஜாதகம் பொருந்தினாலும் எச்சிலைத் துப்பிக் காட்டச் சொல்வதில்லை. மிக்கி மவுஸின் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வதற்கு உங்கள் அக்காள் எந்த ஊரில் பிறந்தாள் என்பது எதற்கு என்று கேட்கிறீர்களா? அவர்களுக்கும் தெரியாது. தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று மட்டும் தெரியும்.

இதில் ஒரு சலுகையையும் சொல்லியாக வேண்டும். ஊரை விட்டுப் போகும்போது, போய்விட்டேன் என்று செயலியில் ஒரு செல்ஃபி எடுத்து, நிற்கும் இடத்தையும் காட்டி, நீங்களாகவே தெரிவித்துக்கொள்ளலாமாம். இது விருப்பத்தின்பேரில். எஸ்டாவில் சமூக ஊடகக் கேள்வியும் முதலில் விருப்பத்தின்பேரில்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சிரியுங்கள்.

2025 ஜூலையில், அமெரிக்க விமான நிலையங்களில் சோதனையின்போது இனி யாரும் காலணியைக் கழற்ற வேண்டாம் என்று அறிவித்தார்கள். 2006இலிருந்து கோடிக்கணக்கான மனிதர்கள் காலுறையோடு, இடுப்பு பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தட்டுக்குப் பின்னால் நடந்த அந்தச் சடங்கு முடிந்தது. ஐந்தே மாதம்தான், அடுத்த அறிவிப்பு. காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள், மண்டையைக் கழற்றித் தட்டில் வையுங்கள்.

காலணிக் கதை எங்கே தொடங்கியது? 2001 டிசம்பர் 22, பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்கிற பிரிட்டிஷ்காரன் தன் காலணிக்குள் வைத்திருந்த வெடிமருந்துக்குத் தீக்குச்சி உரசினான். அவனைப் பிடித்தது எந்தப் படிவம்? எந்தத் தரவுத்தளம்? விமானப் பணிப்பெண்களும் பயணிகளும் பாய்ந்து அமுக்கினார்கள். மனிதரின் கண்ணும் மூக்கும் செய்த வேலை அது. சரி, செப்டம்பர் 11? அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரும் அமெரிக்கத் தூதரகங்கள் முத்திரை குத்திக் கொடுத்த விசாவோடு வந்தவர்கள். 15 பேர் சவூதி அரேபியக் குடிமக்கள். சவூதி இன்றைக்கும் அமெரிக்காவின் உற்ற நண்பன், ஆயுதம் வாங்குவதில் பெரிய கைராசிக்காரன். நட்புக்கு ஒன்றும் குறைவில்லை. குறைந்ததெல்லாம் ஊர் பார்க்கப் போகிறவன் மானம்தான்.

ஒரு நாடு தன் வாசலில் வருகிறவன் யார் என்று பார்க்கக் கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். பாஸ்போர்ட் பொய்யா, குற்றப் பின்னணி உண்டா, தேடப்படும் ஆளா என்றெல்லாம் பார்க்க எஸ்டா 2009 ஜனவரியிலிருந்து கட்டாயமாக இருக்கிறதே, அது என்ன செய்துகொண்டிருந்தது? குண்டு வைக்கக் கிளம்புகிறவன் தன் உண்மையான கணக்கின் பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், பெரிய எழுத்தில் நிரப்புவான் என்று நம்புகிற அதிகாரி இருந்தால் அவரை எல்லையில் வைக்கக் கூடாது. பாலர் பள்ளியில் கதை சொல்ல அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் பழைய கேள்வி ஒன்று உண்டு: பயங்கரவாதம், உளவு, நாசவேலை, இனப்படுகொலை ஆகியவற்றில் ஈடுபட்டதுண்டா, ஈடுபடும் எண்ணம் உண்டா? ஆம் என்று குறியிட்ட ஒரே ஒரு பிரபலமான ஆள் எனக்குத் தெரியும். 2017இல் இங்கிலாந்தில் ஒரு தாத்தா, ஃபுளோரிடா போவதற்காகப் பேரக்குழந்தைக்குப் படிவம் நிரப்பியபோது கைதவறி 'ஆம்' என்று அழுத்திவிட்டார். பயங்கரவாதியின் வயது மூன்று மாதம். லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. குழந்தையும் போனது. போகாமல் என்ன செய்யும், பெரிய இடத்து அழைப்பு.

பதிவுகளைப் படித்துப் பிடித்த கதையும் இருக்கிறது. 2012 ஜனவரியில் பிரிட்டனிலிருந்து கிளம்பிய இரண்டு இளைஞர்கள் லாஸ் ஏஞ்சலஸில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கிளம்புமுன் ட்விட்டரில், அமெரிக்காவைத் துவம்சம் பண்ணப் போகிறேன், மர்லின் மன்றோவைத் தோண்டி எடுக்கப் போகிறேன் என்கிற பொருளில் எழுதியிருந்தார். முதலாவது, அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் குடித்துக் கும்மாளம் போடுவதற்குச் சொல்வது. இரண்டாவது, அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றில் வந்த நகைச்சுவை. இருவரையும் அடைத்து வைத்து, விசாரித்து, அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டிக்குள் மண்வெட்டி இருக்கிறதா என்றுகூடத் துழாவினார்களாம். தன் நாட்டுக் கார்ட்டூனையே அடையாளம் தெரியாத ஓர் அலுவலகம், இனி 42 நாட்டு மொழிகளின் கிண்டலையும் சாடையையும் வட்டார வழக்கையும் இயந்திரத்தைக்கொண்டு படித்து நல்லவன் கெட்டவன் பிரிக்கப் போகிறது. வாழ்க.

தவறாகப் பிரித்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது? அங்கேதான் இந்த 'விசா வேண்டாம்' ஏற்பாட்டின் அழகு. இந்த வழியில் போகிற எவரும், வாசலில் நிற்கும் அதிகாரி எடுக்கும் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை முன்கூட்டியே கைகழுவி விடுகிறார். திருப்பி அனுப்பினாலும் புகலிடம் கேட்பதைத் தவிர வேறு வழக்காட முடியாது. நீங்கள் தள்ளுபடி பெற்றது விசாவுக்கு அல்ல, கனவான்களே, உரிமைக்கு. சிறிய எழுத்தில்தான் இருந்தது. உங்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து மயங்கிய கண்ணுக்கு அது தெரியவில்லை.

தென் கொரியர்களைக் கேளுங்கள், தெரியும். அவர்களும் உங்கள் 42இல் அடக்கம். 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய், எல்ஜி நிறுவனங்கள் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்றத் துறை புகுந்து 475 பேரைப் பிடித்தது. 300க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். அவர்களில் பலர் இதே எஸ்டாவில் வந்தவர்கள். எஸ்டாவில் வந்து அந்த வேலையைச் செய்யலாமா கூடாதா என்பது சட்டத் தகராறு. அதை நீதிமன்றத்தில் பேசலாம். ஆனால் எந்தத் தகராறுக்கு இடுப்பில் சங்கிலி? கையிலும் காலிலும் விலங்கு பூட்டி வரிசையாக நடத்திப்போனதை உலகமே பார்த்தது. பூட்டிய படத்தை வெளியிட்டவர்களும் அவர்களேதான். கொரியா தனி விமானம் அனுப்பித் தன் மக்களை மீட்டுக்கொண்டு போனது. பிறகு அதிபர் டிரம்ப், வெளிநாட்டு நிபுணர்கள் வந்து எங்கள் ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அமெரிக்காவில் 35,000 கோடி டாலர் முதலீடு செய்கிறோம் என்று ஒப்புக்கொண்ட நாட்டுக்கே இந்தக் கதி. 40 டாலருக்குச் சற்று மேல் கட்டி ஊர் பார்க்கப் போகிறவனுக்கு என்ன மரியாதை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 40 டாலரும் பெரிய கதை. 2025 செப்டம்பர் 30க்கு முன் 21 டாலர். அதில் ஒரு பங்கு சுற்றுலா வளர்ச்சிக்கு என்று வசூலிப்பது. வெளிநாட்டவரை அமெரிக்காவுக்கு வரச்சொல்லி விளம்பரம் செய்யும் 'பிராண்ட் யுஎஸ்ஏ' அமைப்புக்கு அந்தப் பணத்தில் ஆண்டுக்கு 10 கோடி டாலர்வரை போய்க்கொண்டிருந்தது. அதாவது, உன்னை வா வா என்று கூப்பிடும் செலவு உன்னுடையது. கட்டணத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிய அதே ஆண்டில் அந்த அமைப்புக்குப் போகும் 10 கோடியை 2 கோடியாக வெட்டினார்கள். பணம் தொடர்ந்து வசூலாகும், கூப்பிடும் குரல்தான் குறையும். யெல்லோஸ்டோனையோ கிராண்ட் கேன்யனையோ பார்க்கப் போனால் 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். பள்ளத்தாக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே ஆழம். உலகப் பயண, சுற்றுலாக் கவுன்சில் 184 பொருளாதாரங்களைப் பார்த்துவிட்டு, 2025இல் வெளிநாட்டுப் பயணிகளின் செலவு குறையப் போகிற ஒரே நாடு அமெரிக்கா என்று கணித்தது. குறையும் தொகை 1,250 கோடி டாலர். புதிய விதியால் சுற்றுலா பாதிக்காதா என்று நிருபர்கள் கேட்டபோது, கவலையே இல்லை என்றார் அதிபர். நட்டம் ஓட்டல் துப்புரவுப் பெண்ணுக்கும் டாக்சிக்காரருக்கும்தானே. அவர் என்ன ஓட்டலா வைத்திருக்கிறார்? மன்னிக்கவும், வைத்திருக்கிறார்.

பயங்கரவாதியும் சிக்கமாட்டான், பணமும் போகும் என்றால் இந்தக் கூத்து எதற்கு? கூத்தின் பலன் எல்லையில் கிடைப்பதில்லை, அதற்கு ஆறு மாதம் முன்பே உங்கள் வீட்டு நாற்காலியில் கிடைத்துவிடுகிறது. பயணச்சீட்டு வாங்க நினைத்த அன்றே நீங்கள் பழைய பதிவுகளைத் தோண்ட ஆரம்பிக்கிறீர்கள். காசாவில் செத்த குழந்தைகளைப் பற்றி எழுதியது, அழி. அதிபரின் தலைமுடியைப் பற்றிய மீம், அழி. நண்பன் போட்டதற்கு விருப்பக்குறி வைத்தாயே, அதையும் எடு. யாரும் உங்களை மிரட்டவில்லை. ஒரு காவலரும் வரவில்லை. ஒரு படிவத்தில் ஒரு கட்டம், அவ்வளவே. உலகம் முழுக்க எத்தனையோ பேரை அவரவர் கையாலேயே அவரவர் வாயைப் பொத்த வைக்க இதைவிட மலிவான வழியை எந்தச் சர்வாதிகாரியும் கண்டுபிடித்ததில்லை. மற்றவன் சிறை கட்டினான், ஒற்றனுக்குச் சம்பளம் கொடுத்தான். இவர்கள் உங்களிடமே 40 டாலர் வாங்கிக்கொள்கிறார்கள்.

2025 மார்ச்சில் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியை வாசலில் திருப்பி அனுப்பினார்கள். கைப்பேசியில் டிரம்ப் அரசின் ஆராய்ச்சிக் கொள்கையைக் குறைசொல்லும் செய்திகள் இருந்ததுதான் காரணம் என்று பிரான்ஸின் உயர்கல்வி அமைச்சர் பிலிப் பாப்டிஸ்ட் சொன்னார். இல்லை, அவரிடம் ரகசியத் தகவல்கள் இருந்தன என்றது அமெரிக்கா. இரண்டில் எது உண்மையானாலும் உங்களுக்குப் பாடம் ஒன்றுதான்: அவர்கள் கைப்பேசியைத் திறந்து படிக்கிறார்கள், அதைத் தடுக்க உங்களால் ஆவது ஒன்றுமில்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டுக்கு வந்த துணை அதிபர் வான்ஸ், ஐரோப்பாவில் பேச்சுரிமை பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று உங்களையெல்லாம் உட்கார வைத்து வகுப்பெடுத்துவிட்டுப் போனார். டிசம்பர் 10 அன்று உங்கள் பேச்சையெல்லாம் பட்டியல் போட்டுத் தரச் சொன்னார்கள். டிசம்பர் 23 அன்று, அமெரிக்கர்களின் பேச்சை நசுக்கத் தூண்டினார்கள் என்ற குற்றச்சாட்டில் ஐரோப்பிய ஆணையத்தின் முன்னாள் ஆணையர் தியெரி பிரெட்டோன் உட்பட ஐந்து பேர் அமெரிக்காவுக்குள் வரத் தடை விதித்தார்கள். பேசினால் வராதே. பேசவிடாமல் செய்தாலும் வராதே. பேச்சுரிமையைக் காப்பாற்றும் வெறியில் பேசுகிறவனையும் விடுவதில்லை, தடுக்கிறவனையும் விடுவதில்லை. இப்படி ஒரு நடுநிலையை நாங்கள் பார்த்ததில்லை.

உங்கள் 42 நாடுகளுக்குள் எங்கள் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் ஓடிவந்து பாரிஸிலும் ஜூரிக்கிலும் ஆஸ்லோவிலும் லண்டனிலும் ஒதுங்கி, இருபது முப்பது வருஷம் உழைத்து உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கியவர்கள். நியூஜெர்சியில் ஒரு தங்கைக்குக் கல்யாணம் என்றால் எஸ்டா போட்டுக்கொண்டு போய்வருகிறவர்கள். அவர்களிடம் இந்தப் படிவம் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் எழுதுவது, காணாமல்போன அண்ணனின் தற்போதைய முகவரியை? அதிகாரியே, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவன் தாய் இன்னும் தெருவோரப் பந்தலில் அவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று, போரில் செத்த பிள்ளையை நினைத்து ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு மெழுகுவர்த்தி படம் போட்டிருப்பார். விடுதலைப் புலிகள் 1997இலிருந்து அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில். அந்த மெழுகுவர்த்தியை இயந்திரம் எப்படிப் படிக்கும்? அழுததை ஆதரவு என்று எழுதிவைக்க ஒரு நொடி போதும். இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அண்ணன் எண், அக்காள் எண், அம்மா இருக்கும் ஊர் என்று ஒவ்வொன்றாக நிரப்புகிறவர் தன் விவரத்தை மட்டும் கொடுக்கவில்லை. படிவத்தைப் பார்த்தே இராத ஆட்களை அவர்கள் சம்மதம் கேட்காமல் ஒரு வல்லரசின் கோப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதைச் செய்யச் சொல்வதற்கு எங்கள் ஊரில் காட்டிக்கொடுக்கச் சொல்வது என்று பெயர்.

இனி உங்களோடு ஒரு பஞ்சாயத்து.

2019 மே 31இலிருந்து அமெரிக்க விசா கேட்கும் இந்தியர்கள் எல்லோரும் தங்கள் 5 ஆண்டுச் சமூக ஊடகக் கணக்குகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியர்கள் மட்டுமல்ல, விசா வாங்கிப் போக வேண்டிய உலகம் முழுவதும். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் பேருக்கு நெருக்கமாக வரும் என்று அப்போது அவர்களே கணக்குச் சொன்னார்கள். 2025 ஜூனில் மாணவர்களைப் பார்த்து, கணக்குகளையெல்லாம் யாரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள் என்றார்கள். டிசம்பர் 15 முதல் எச்-1பி பொறியாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் அதே உத்தரவு. விசா முத்திரைக்காக இந்தியா வந்தவர்களின் நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போய், பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, தகப்பன் இங்கே என்று கிடந்தார்கள். இத்தனை வருஷமும் உங்கள் பத்திரிகைகள் இப்படிப் பதறினவா? சுதந்திரத்தின் தலையில் இடி என்று தலையங்கம் எழுதினவா? எங்களிடம் கேட்டபோது அது வழக்கமான நடைமுறை. உங்களிடம் கேட்கும்போதுதான் அது ஜார்ஜ் ஆர்வெல். அந்த 42 நாடுகளில் ஆப்பிரிக்க நாடு ஒன்றுகூட இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து சிலி மட்டும்தான். பாஸ்போர்ட்டிலும் வருணாசிரமம் உண்டு. நீங்கள் பிறப்பால் உயர்ந்த வீதியில் இருந்தீர்கள், அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு வரவில்லை.

எட்டிப்பார்த்திருந்தால் உங்கள் வாசலும் தெரிந்திருக்கும். ஷெங்கன் விசாவுக்கு நாங்கள் வங்கிக் கணக்கு விவரம் கொடுக்கிறோம், வருமான வரி ரசீது கொடுக்கிறோம், அலுவலகத்தில் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, ஓட்டல் பதிவு, 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கொடுக்கிறோம். பத்து விரல் ரேகையும் உங்களிடம்தான் இருக்கிறது. 2025 அக்டோபர் 12 முதல் உங்கள் எல்லையில் எங்கள் முகத்தையும் படம்பிடித்துச் சேர்த்துவைக்கிறீர்கள். பிரிட்டன் தன் பங்குக்கு, இதுவரை விசா கேட்காத நாட்டுக்காரர்களிடமும் மின்னனுமதிக்குக் கட்டணம் வாங்குகிறது; 2025இல் அது 16 பவுண்டு. கைரேகை வாங்கும்போது அது ஒழுங்கு, கொடுக்கும்போது அது ஒடுக்குமுறை என்றால் வாஷிங்டனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தொகையில்தான்.

வந்துவிட்டீர்கள், நில்லுங்கள். பின்னால் தள்ளாதீர்கள், நாங்களெல்லாம் முன்னாலேயே நிற்கிறோம். அந்த அறிவிப்பின் மீது கருத்துச் சொல்ல 60 நாள் கொடுத்திருந்தார்கள். அது அமெரிக்காவிடம் சொல்வது. உங்கள் சொந்த நாடாளுமன்றங்களில் சொல்வதற்கு எந்தக் கெடுவும் இல்லை. அங்கே எழுந்து, வெளிநாட்டுக்காரனின் படுக்கையறையை எல்லையில் திறந்து பார்க்கும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் உங்கள் உள்துறையையும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு 90 யூரோ. நிராகரித்தாலும் திருப்பித் தருவதில்லை.